நான் எடுத்தது பேய்ப்படம்தான்

ஜனவரி 8, புதன்

சென்னையில் ஒலிக்கலவை இன்றோடு முடிந்தது. பல வருடம் மற்றவர்களுக்கு உதவி இயக்குநராக இருந்து, நாற்பத்திரண்டு வயதில் என் பெயரில் ஒரு படம். ‘நிழல் நடமாட்டம்’. சிரிப்புக்கும் பாட்டுக்கும் இடமே கொடுக்காத அசல் பேய்ப்படம்.

ஒலிப்பொறியாளர் இன்று அடிக்கடி எழுந்து வெளியே போனார். போனதெல்லாம் பேயாகப் பெரியம்மா வரும் காட்சிகளில். தோள் குலுங்குவதைக் கவனித்தேன். “ரொம்ப பயமா இருக்குங்களா?” என்று கேட்டேன். “தண்ணி குடிக்கப் போனேன் சார்” என்றார். கண் சிவந்திருந்தது. இந்தத் தொழிலிலேயே ஊறிப்போனவரை இப்படி உலுக்கிவிட்டது என்றால் தியேட்டரில் என்ன ஆகும்?

கதையை இங்கே எழுதிவைக்கிறேன். நாளைக்கு யாராவது திருடினால் உதவும். தனியாக வாழும் ஓர் இளைஞன். அவனை வளர்த்த பெரியம்மா இறந்துபோகிறாள். காரியம் முடிந்த அன்றிரவே திரும்பி வருகிறாள். அடுப்பை அணைத்திருக்கிறானா என்று பார்க்கிறாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பழைய சாம்பாரை மோந்து பார்த்து, அதைக் கொட்டிவிட்டு, மெல்லத் திரும்பி அவனை முறைக்கிறாள். அவன் பயந்து வேறு வீட்டுக்குப் போனால் அங்கேயும் வருகிறாள். கொசுவலைக்குள் ஒரு கை நுழைகிறது. எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

முழுக்க முழுக்கக் கற்பனை. எனக்குப் பெரியம்மாவே கிடையாது.

படத்தொகுப்பாளர் மெஹர் பக்கத்தில்தான் இருந்தாள். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, “சார், சாம்பார் சீன்ல அந்த இடி மாதிரி வர்ற மியூசிக்கக் கொஞ்சம் குறைக்கலாமா?” என்றாள். முடியாது என்றேன். படத்திலேயே பயங்கரமான இடம் அது.

ஜனவரி 10, வெள்ளி

தணிக்கை முடிந்து சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஒரு வெட்டுகூட இல்லை. கடைசிக் காட்சியில் ஓர் அம்மையார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். அந்த அரங்கில் ஏ.சி. அதிகம்.

ஜனவரி 12, ஞாயிறு

திருச்சி. வீட்டுக்கு வந்ததும் மேல்தொட்டியைக் கழுவினேன். ஒரு பல்லி செத்துக் கிடந்தது.

மனைவி எழில் சாப்பிடும்போது தன் வகுப்பைப் பற்றிப் பேசினாள். கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் துறையில் இருக்கிறாள். இந்தப் பருவத்தில் திரைப்பட வகைமைகள் என்ற பாடம் அவளுடையது. ஒரு படம் எந்த ஜானர் என்பதை யார் முடிவு செய்வது என்று மாணவர்கள் சண்டை போட்டார்களாம்.

“இதுல என்ன சண்டை? எடுக்கிறவன்தான் முடிவு பண்றான்” என்றேன்.

“அப்படீங்கிறீங்க?”

“பின்ன? நான் பேய்ப்படம் எடுத்தா அது பேய்ப்படம்.”

அவள் எழுந்துபோய்த் தயிர் எடுத்து வந்தாள். என் தட்டில் ஏற்கெனவே தயிர் இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கரும்பு வாங்கிவந்தேன். எழிலுக்குப் பல் கூச்சம். என் அத்தை உயிரோடு இருந்திருந்தால் மதியத்துக்குள் பாதிக் கட்டை முடித்திருப்பாள். போன வருடமும் இப்படித்தான் வாங்கி வீணானது.

ஜனவரி 18, சனி

பேனாவை எடுக்கவே மனமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்று காலை தியேட்டரில் முன்னோட்டக் காட்சி. தயாரிப்பாளர் பழனியாண்டி அண்ணன் தில்லைநகரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அவருடைய சொந்தபந்தம் பாதி அரங்கு. மீதிப் பாதி எழிலின் மூன்றாமாண்டு மாணவர்கள். விநியோகஸ்தர் ஒருவரும் வந்திருந்தார். நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டேன். பயந்து துள்ளுகிறவர்களைப் பார்க்க அதுதான் தோதான இடம்.

பெரியம்மா முதன்முதலாக வாசலில் வந்து நிற்கும் காட்சி. வயலின்கள் கதறுகின்றன. அவள் குனிந்து, வாசலில் கிடக்கும் செருப்பை நேராக எடுத்து வைக்கிறாள். எங்கேயோ முன் வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பதற்றத்தில் சிலருக்கு அப்படி வரும் என்று விட்டுவிட்டேன்.

சாம்பார் காட்சியில் அரங்கமே சிரித்தது. இடி இடித்து அவள் திரும்பி முறைத்தபோது கைதட்டினார்கள். கொசுவலைக் காட்சிக்கு நான் இரண்டு நாள் ஒளியமைத்தேன். இருட்டில், வலையைத் தூக்கிக்கொண்டு, சுருக்கம் விழுந்த ஒரு கை மெதுவாக உள்ளே வரும். அந்தக் கை வருவதற்கு முன்பே, இசை ஏறும்போதே, ஒரு குரல், “போர்வையப் போத்திவிட வருது பார்ரா” என்றது. கை வந்தது. போர்வையைப் போர்த்தியது. அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

நான் வெளியே போய் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றேன். சுவருக்கு அப்பாலும் சிரிப்பு கேட்டது. கடைசிக் காட்சியின்போது மட்டும் சத்தம் நின்றிருந்தது. அதற்குள் சிரித்துக் களைத்துப் போயிருப்பார்கள்.

எழில் வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் கண்மை கலைந்திருந்தது. அவளும் சிரித்திருக்கிறாள்.

ஜனவரி 19, ஞாயிறு

மின்விசிறிகளைக் கழற்றித் துடைத்தேன்.

பழனியாண்டி அண்ணன் போன் செய்தார். “தம்பி, பேய்ப்படம்னீங்க. எங்க மச்சானுக்குச் சிரிச்ச சிரிப்புல பல்செட்டு கழண்டு மடியில விழுந்துருச்சு.”

“அது பயத்துல வர்ற சிரிப்புண்ணே.”

“எந்தச் சிரிப்போ, சிரிப்பு சிரிப்புதான தம்பி. விநியோகஸ்தர் என்ன சொல்றாருன்னு கேளுங்க. காமெடின்னு விட்டா ஊர் ஊரா எடுத்துக்கிறேங்கிறாரு. பேய்ப்படம்னா ஒரு தியேட்டர்கூடத் தர மாட்டாராம்.”

“படத்துல ஒரு பிரேம்கூட மாறப்போறதில்லையே. பேர மாத்தினா காமெடி ஆயிருமா?”

“ஆகும் தம்பி. பயப்படணும்னு வர்றவன் சிரிச்சா ஏமாத்திட்டான்னு திட்டுவான். சிரிக்கணும்னு நெனைக்கிறவன் உங்க கறுப்புப் போஸ்டரப் பாத்துட்டு உள்ளயே வர மாட்டான். வழவழன்னு இருக்கிற டைல்ஸ நான் பாத்ரூம் பக்கம் வச்சா ஒருத்தன் தொட மாட்டான். அதையே ஹாலுக்குன்னு எழுதி வச்சா தூக்கிட்டுப் போறான்.”

என் படத்தை டைல்ஸோடு ஒப்பிட்டதை மன்னிக்கவே முடியாது. முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும்.

ஜனவரி 20, திங்கள்

துணி காயப்போட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

எழிலிடம் கேட்டே விட்டேன். “ஸ்கிரிப்ட் படிச்சப்பவே உனக்குத் தெரியுமா?”

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “தெரியும்.”

“சிரிப்பு வரும்னு தெரிஞ்சும் சொல்லல.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க எழுதும்போது உங்க முகத்தப் பாத்தேன். அத்தை போனதுக்கப்புறம் நீங்க ஒழுங்கா சாப்பிட்டதே அப்பதாங்க. ராத்திரி எழுந்து நடக்கிறதும் அந்த மாசம்தான் நின்னுச்சு. அத எப்படிக் கெடுக்கிறது?”

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கதையில் வருவது பெரியம்மா. அத்தைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அத்தை உறையூரில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவள். பெரியம்மா வீட்டோடு இருப்பவள். அத்தை மூக்குக் கண்ணாடி போடுவாள். பெரியம்மா போட மாட்டாள்.

“செவ்வாக்கிழமை என் கிளாஸுக்கு வாங்க” என்றாள். “அவங்க பேசுறத ஒரு தடவ கேளுங்க. அப்புறம் உங்க இஷ்டம்.”

வர மாட்டேன் என்றேன்.

ஜனவரி 28, செவ்வாய்

போனேன். சாயம் போகாத சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டேன்.

எழிலை வகுப்பில் நான் பார்த்ததே இல்லை. வீட்டில் இருப்பதைவிடக் குரல் உயர்ந்திருந்தது. நான் எடுத்த படத்திலிருந்து ஒரே ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டாள். பெரியம்மா கையில் கரண்டியோடு கதவோரம் நிற்கிறாள், பின்னால் இருட்டு. அதைத் திரையில் போட்டு, படம் பார்க்காத முதலாண்டு மாணவர்களைச் சின்னச் சின்னக் குழுவாக உள்ளே அழைத்தாள். முதல் குழுவிடம் இது ‘நிழல் நடமாட்டம்’ என்ற படம் என்றாள். அடுத்த காட்சியில் என்ன நடக்கும் என்று கேட்டாள்.

“அந்தம்மா கொலை பண்ணப்போறாங்க.” “இல்ல மேம், அவங்க ஏற்கெனவே செத்தவங்க.” “கரண்டியில ரத்தம் இருக்கு பாருங்க.” கரண்டியில் இருந்தது சாம்பார்.

அவர்களை அனுப்பிவிட்டு அடுத்த குழு. அதே புகைப்படம். படத்தின் பெயர் மட்டும் ‘பெரியம்மா வந்திருக்காங்க’ என்றாள். உள்ளே வந்தவர்கள் பெயரைக் கேட்டதுமே சிரித்தார்கள். “யாரோ திருட்டுத்தனமா சாப்பிட்டுட்டு மாட்டிக்கிட்டாங்க.” “கரண்டியாலயே ஒண்ணு போடப்போறாங்க.”

மூன்றாவது குழுவிடம் ‘அவள் சமைத்த சோறு’ என்றாள். ஒரு பெண், “பாவம் மேம், பிள்ளைங்கல்லாம் வெளிநாட்டுல இருப்பாங்க, சாப்பிட ஆள் வராமக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க” என்றாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

நான் எடுத்த அதே புகைப்படம். ஒளி அதே ஒளி. கரண்டி அதே கரண்டி.

அதன்பிறகு மூன்றாமாண்டு மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். முன்னோட்டக் காட்சியில் சிரித்த அதே ஆட்கள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நெளிந்தார்கள். ஒரு பையன் எழுந்து, “சார், டிக்கெட் எடுக்கும்போதே பாதிப் படத்த நாங்க மனசுல ஓட்டிட்டுத்தான் உள்ள வர்றோம். கறுப்புப் போஸ்டர்னா இப்படி, மஞ்சள் போஸ்டர்னா இப்படின்னு. நீங்க மீதிப் பாதியத்தான் எடுக்கிறீங்க” என்றான்.

“அப்ப எல்லாம் நீங்க எதிர்பாக்கிற மாதிரியே எடுத்துட்டா போதுமா?”

“அப்படி எடுத்தா தூங்கிருவோம் சார். எதிர்பாக்க வச்சிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போகணும். ரொம்பத் தள்ளிப் போனா கோவம் வரும்.”

வகுப்பே ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தது. பேய் என்றால் பழைய பங்களா வேண்டும் என்றான் ஒருவன். இல்லை, இப்போதெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் பேய் வருகிறது, வகை என்பது வளர்ந்துகொண்டே இருப்பது என்றாள் இன்னொருத்தி. எழில் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக வேடிக்கை பார்த்தாள்.

ரோஸ்லின் என்று ஒரு மாணவி அதுவரை பேசவே இல்லை. கடைசியாக எழுந்தாள். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. தெரியாத பேய் வீட்டுக்கு வந்தா பயமா இருக்கும். வளத்தவங்களே வந்தா எப்படி சார் பயப்படுறது? அவங்க அவனுக்கு ஒண்ணுமே பண்ணலையே. போர்வையத்தான போத்திவிடுறாங்க?”

“அப்ப நான் எடுத்தது காமெடின்னு சொல்றியாம்மா?”

அவள் யோசித்தாள். “அது எனக்குச் சொல்லத் தெரியல சார். எங்க சித்தி போன வருஷம் இறந்துட்டாங்க. ஒரு நாள் வந்து, ஏண்டி இன்னும் தலை பின்னாம இருக்கன்னு திட்டிட்டுப் போனா எவ்வளவு நல்லா இருக்கும்னு நெனச்சிருக்கேன். படம் பாக்கும்போது அந்த ஞாபகம்தான் வந்துச்சு. சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன்.”

எனக்குத் தலைவலி வந்துவிட்டது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். வெயில் கண்ணைக் கூசச் செய்தது. முகம் கழுவிக்கொண்டு பேருந்தில் வீட்டுக்கு வந்தேன். எழிலுக்கு முன்பே வந்துவிட்டதால் சோறு வடித்தேன். குழைந்துவிட்டது.

ஜனவரி 29, புதன்

மெஹருக்குப் போன் செய்தேன். இசையை எடுத்துவிடலாமா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

“எந்த சீன்ல சார்?”

“பெரியம்மா வர்ற எல்லா சீன்லயும்.”

“சார், முதல் தடவ கட் பண்ணப்பவே மியூசிக் இல்லாம ஒரு வெர்ஷன் எடுத்து வச்சிருக்கேன். கேப்பீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன்.”

எல்லோரும் எனக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

பழனியாண்டி அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன், பெயரை ‘பெரியம்மா வந்திருக்காங்க’ என்று மாற்றி, காமெடி என்றே விட்டுக்கொள்ளலாம் என்று. ஆனால் நான் எடுத்தது பேய்ப்படம்தான், அதில் மாற்றமில்லை என்றும் சொன்னேன். “நீங்க எதுவா வேணா வச்சுக்கங்க தம்பி” என்றார்.

பிப்ரவரி 5, புதன்

புதுப் போஸ்டருக்குப் படம் எடுக்க, பெரியம்மாவாக நடித்த திலகவதி அம்மா வந்திருந்தார். நாடகத்தில் பெயரெடுத்தவர். போஸ்டர் எடுக்கிறவர் அவரைக் கண்ணை உருட்டி நாக்கைத் துருத்தச் சொன்னார். “அப்படியெல்லாம் பண்ணா சிரிப்பு வராது தம்பி” என்றார் அவர். சும்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே இருந்த எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் அடக்கிக்கொண்டேன்.

டீ குடிக்கும்போது அவரிடம் சொன்னேன், “அம்மா, உங்களப் பேயா நடிக்க வச்சிட்டு இப்ப காமெடின்னு போஸ்டர் போடுறோம். மன்னிச்சுக்கங்க.”

“நான் எங்க தம்பி பேயா நடிச்சேன்? நீங்க சொன்ன அத்தையத்தான நடிச்சேன்.”

“நான் எப்பம்மா அத்தையப் பத்தி சொன்னேன்?”

“எப்ப சொல்லல? ஒவ்வொரு டீ பிரேக்லயும் அதான. செருப்ப நேரா எடுத்து வைப்பாங்க, சாம்பார மோந்து பாப்பாங்க, தூங்குறப்ப கொசுவலைக்குள்ள கைய விட்டுப் போர்வையச் சரிபண்ணுவாங்கன்னு.”

எனக்கு அப்படிச் சொன்னதாக நினைவில்லை. படப்பிடிப்பில் ஆயிரம் பேச்சு பேசுகிறோம்.

பிப்ரவரி 19, புதன்

டிக்கெட் முன்பதிவுச் செயலியில் படத்தைப் பதிவு செய்யும் வேலை. மெஹர் போனில், “சார், ஜானர்னு கேக்குது. என்ன போட?”

பக்கத்திலிருந்த பழனியாண்டி அண்ணன், “காமெடி” என்றார். நான், “பேயும் போடும்மா” என்றேன். “குடும்பம்னும் ஒண்ணு சேருங்க, பொம்பளைங்க வரணும்” என்றார் அவர். எழில் அடுக்களையிலிருந்து, “மூணையும் போடுங்க, எது யாருக்கு வேணுமோ எடுத்துக்கட்டும்” என்றாள். மூன்றையும் போட்டாகிவிட்டது. பார்க்க ஹோட்டல் பலகை மாதிரி இருந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

நாளைக்கு வெளியீடு. ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். மோர் குடித்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

காலைக் காட்சி. நானும் எழிலும் டிக்கெட் எடுத்து நடு வரிசையில் உட்கார்ந்தோம். முக்கால் அரங்கு நிறைந்திருந்தது. எல்லோரும் மஞ்சள் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். விளக்கு அணைவதற்கு முன்பே சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

செருப்பை நேராக வைத்தபோது சிரித்தார்கள். சாம்பார் காட்சியில் பின்னால் ஓர் அம்மாள் தன் மகனிடம், “பாத்தியா, நான் சொன்னா மட்டும் கோவம் வருது உனக்கு” என்றாள். இடி இல்லை, வயலின் இல்லை. திலகவதி அம்மா மோந்து பார்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவே போதுமாக இருந்தது. எனக்கே இது தெரியாமல் போனதை நினைத்து வெட்கப்பட வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் வெட்கம் வரவில்லை.

கொசுவலைக் காட்சி வந்தது. மனதைத் திடப்படுத்திக்கொண்டேன், சிரிப்பார்கள் என்று. இளைஞன் புது வீட்டில் படுத்திருக்கிறான். அரங்கத்தில் அதற்கு முந்தைய காட்சியின் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இசை எதுவும் எச்சரிக்கவில்லை. இருட்டிலிருந்து கை உள்ளே வந்தது.

எனக்கு முன் வரிசையில் முறுக்கு மீசையோடு ஒருவர், பார்க்கப் பயில்வான் மாதிரி. “ஐயோ அம்மா” என்று அலறிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் பாப்கார்ன் அத்தனையும் என் மேல் கொட்டியது. அவர் அலறியதில் அந்த வரிசையே அலறியது. இந்தப் படத்தை வரி வரியாகத் தெரிந்த எழில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கை போர்வையைப் போர்த்தியது. எல்லோரும் தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொண்டார்கள். மீசைக்காரர் திரும்பி, “மன்னிச்சுக்கங்க சார், காமெடின்னு நம்பி வந்தேன்” என்றார்.

“பரவால்லைங்க. நல்லா பயந்தீங்களா?”

“உசுரே போயிருச்சு சார்.”

அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. தலையிலிருந்து பாப்கார்னைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

கடைசிக் காட்சி. இளைஞன் தானே சமைக்கிறான். பெரியம்மா வந்து, ருசி பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்பதுபோல் தலையசைத்துவிட்டு வாசல் வழியே போய்விடுகிறாள். இனி வர மாட்டாள் என்று அவனுக்குத் தெரிகிறது. இந்தக் காட்சியை எடுத்த நாளிலிருந்து நான் முழுதாகப் பார்த்ததில்லை. ஏதாவது வேலை வந்துவிடும். இன்று பார்த்தேன். அரங்கில் ஒரு சத்தம் இல்லை. யாரும் களைத்துப் போயிருக்கவில்லை.

வெளியே வரும்போது பழனியாண்டி அண்ணன் யாரிடமோ, இவர்தான் டைரக்டர் என்று கைகாட்டிவிட்டார். ஒரு பெண் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். “சார், படத்துல வர்றவங்க நெசமாவே இருந்தவங்களா?”

“ஆமாங்க” என்றேன். “எங்க அத்தை. லோகநாயகின்னு பேரு. எனக்கு மூணு வயசிலேருந்து அவங்கதான் சோறு போட்டு வளத்தாங்க.”

சொல்லிவிட்டு எழிலைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல மனுஷி” என்றாள் அந்தப் பெண். “எங்க மாமியாரு மட்டும் இப்படித் திரும்பி வந்துச்சுன்னா, நான் அன்னைக்கே வீட்டக் காலி பண்ணிருவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தியேட்டர் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். அந்தப் பெண்ணும் சிரித்தாள், பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எழில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைக்குட்டையை நீட்டினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.